நுரை ஐயா

மூத்திரத்தைப் பற்றி இத்தனை மரியாதையாகப் பேசிய மனிதர் பதுளை மாவட்டத்திலேயே வேறு ஒருவர் கிடையாது. இருந்தால் காட்டுங்கள், என் ஒரு பக்க மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர் அவர். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, எங்களுக்கு நுரை ஐயா. யாரைப் பார்த்தாலும், "ஒன்னுக்குப் போனா நுரைக்குதா?" என்பார். விடிந்ததும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வேலைக்கு நிற்பவர்களிடம் கேட்பார். மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் கேட்டார். விபூதித் தட்டை நீட்டிய பூசாரியிடமும் கேட்டார். பூசாரி அதன்பின் ஒரு வருஷம் அவருக்கு விபூதி கொடுக்கவில்லை. தலைவலி என்று போனாலும் மூத்திரம் பிடித்துவர ஜாம் போத்தலை நீட்டுவார். அதனால் தலைவலிக்காரர்கள் எல்லாம் பண்டாரவளைக்கு பஸ் ஏறினார்கள்.

அவரைக் கேலி செய்வதில் நான்தான் முதல் ஆள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற கொழுப்பு வேறு.

கொழுந்தெடுக்கிற என் அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவளுக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. விரல் மூட்டு வலியா, நாளெல்லாம் கொழுந்து கிள்ளினால் வலிக்காதா. முடி கொட்டுகிறதா, கூடைக் கயிறு தலையில் உரசுகிறது. வாய்ப்புண்ணா, வெற்றிலைச் சுண்ணாம்பு. கடைசியில் மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்து, காய்ச்சலும் அடித்தது. மாரியாத்தா வந்துவிட்டாள் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

எங்கள் குளிருக்கு வேப்பமரம் வளராது. வெல்லவாயவிலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வந்து வாசலில் தொங்கியது. இனித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருந்துப் பேச்சே கூடாது. ஐந்தாம் நாள் அக்காவின் கண்ணிமை வீங்கிவிட்டது. செருப்புக்குள் கால் நுழையவில்லை.

யாரும் கூப்பிடாமலே நுரை ஐயா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் லயத்து வரிசை வீட்டின் வாசலுக்கு வெளியே நின்றே விசாரித்தார். கொப்புளம் இருக்கிறதா, இல்லை. வெயில் பட்டால் முகம் எரிகிறதா, காலைக் குளிரில் விரல் வெளுக்கிறதா. ஆமாம் என்று அக்கா முனகினாள். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவேயில்லை. போத்தலை மட்டும் படியில் வைத்தார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

லயமே கூடிப் பார்க்க, அக்கா பிடித்துக் கொடுத்ததைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மேற்பக்கம் வெள்ளையாகக் கலங்கியது. இரண்டு சொட்டு வினாகிரி விட்டார். கரைந்தால் பயமில்லை என்றார். குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கரையவில்லை. முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது.

"ஒடம்புச் சத்து ஒழுகுது. கிட்னியப் புடிச்சிருச்சு. இப்பவே பதுளைக்குக் கொண்டுபோகணும்."

அம்மா வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "ஆத்தா எறங்காம புள்ளய வாசல் தாண்ட விடமாட்டேன் ஐயா. கண்ணு போயிரும்."

அவர் ஆத்தாவோடு சண்டைக்குப் போகவில்லை. "ஏம்மா, ஆத்தா மொகத்துல வருவா, மேலுல வருவா. மூத்திரத்துல எறங்குவாளா? அவ்வளவு கேவலமாவா அவளக் கும்புடுறீங்க?"

அம்மாவின் கை இறங்கியது.

கொழுந்து லொறியில் போனோம். வளைவுக்கு வளைவு அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நுரை ஐயா அவள் நாடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பாதி வழியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க சிரிப்பீங்கன்னு ஒங்க வீட்டு ஆளுங்ககிட்ட மட்டும் நான் கேக்கல மாஸ்டர். என் தப்பு."

நான் அக்காவின் வீங்கிய காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், ஊசியால் கிட்னியில் துளி சதை எடுத்தார்கள். லூப்பஸ் என்றார் பெரிய டொக்டர். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற வியாதியாம். மூட்டு, முடி, வாய், முகம் எல்லாம் அவன் அடித்த அடிதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிட்னி திரும்பியிருக்காது என்றார்.

ஸ்டெரொய்ட் மாத்திரையில் அக்கா பிழைத்தாள். ஆனால் முகம் பூரிபோல உப்பியது. பெண்கள் கிண்டல் செய்ய, மாத்திரையைச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டாள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அறிந்த நுரை ஐயா, மறுநாளிலிருந்து பெரட்டுக் களத்தில் தண்ணீர்ச் செம்போடு அவள் முன்னால் நின்றார். விழுங்கியபின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் வெயில் படாமல் ஃபெக்டரிக்குள் வேலை செய்ய, தோட்டத்தை நடத்துகிற துரையையும் நச்சரித்தார். அவர் தொல்லை தாங்காமல்தான் துரை சம்மதித்தார்.

அவர் பென்சன் வாங்கிப் போகிற நாளில் அக்கா காலில் விழப் போனாள். அவர் பதறி விலகி, தானே அவள் முன் குந்தினார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார். நீர் கோத்திருந்தால் அந்த இடம் குழியாகவே நிற்கும். குழி விழவில்லை. அப்படியும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

நான்தான் கைகொடுத்து எழுப்பினேன். எழுந்த பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.