பச்சை வூடு

சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம்.

"மலரு, ஊசி நூலு எடுத்தா" என்றார் உத்திராபதி.

மலர்க்கொடி தகர டப்பாவைப் பாயில் கவிழ்த்துத் தேடினாள். ஊக்கு, கொக்கி, பாவாடை நாடா எல்லாம் இருந்தன. பொத்தான் ஒன்றுதான் இருந்தது, அதுவும் வெள்ளை.

"வெள்ளைதாங்க இருக்கு."

"அதையே தைச்சுடேன். வெள்ளையும் நல்லாத்தான இருக்கும்."

"கிளிப்பச்சைச் சட்டையில வெள்ளைப் பொத்தானா? பாக்குறவங்க சிரிப்பாங்க. வேற சட்டை போட்டுட்டுப் போங்க. சாயங்காலம் பச்சைப் பொத்தான் வாங்கித் தைச்சு வைக்கிறேன்."

அவர் அந்த வெள்ளைப் பொத்தானை எடுத்துப் பார்த்துவிட்டு டப்பாவிலேயே போட்டார். வேறொரு கிளிப்பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அரியலூர் பஸ் வருவதற்குள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பொத்தான் இல்லாத சட்டை ஆணியிலேயே தொங்கியது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் இல்லை. சுவர், கதவு, ஜன்னல் கம்பி, மாடியில் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் கிளிப்பச்சை. ஊர்ப் பெயரை எந்தக் கண்டக்டரும் சொல்ல மாட்டார். "பச்சை வூடெல்லாம் எறங்கு!" என்றுதான் குரல் கொடுப்பார்.

உத்திராபதிக்கு அரியலூரில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. நாள் முழுக்க சிமெண்ட் லாரிகள் வந்து நிற்கிற இடம். அங்கே வேலை செய்கிற மற்ற ஆண்கள் சாயங்காலம் திருநீற்றில் புரண்டவர்களைப் போல வீடு திரும்புவார்கள். உத்திராபதியின் சட்டை மட்டும் போனது போலவே வரும். "எங்க வூட்டுக்காரரு அப்புடி ஒரு சுத்தம்" என்று மலர்க்கொடி குழாயடியில் பெருமையடித்துக்கொள்வாள்.

துக்கத்துக்கு ஆபீசிலிருந்து வந்தவர்கள், பச்சைச் சட்டையில் இருந்த அவருடைய போட்டோவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கும்பிட்டார்கள். அழுகையில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கருமாதிக்கு நாள் நெருங்கியபோது உத்திராபதியின் அண்ணன் இளையபெருமாள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கருமாதிக்கு முன்னாடி வூட்டுக்கு வெள்ளை அடிக்கணும்மா. சுண்ணாம்பு சொல்லிட்டேன்."

"வெள்ளை வேண்டாம் மாமா. பச்சைதான் அடிக்கணும்."

"துக்க வூட்டுக்கு யாராச்சும் கிளிப்பச்சை அடிப்பாங்களா?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அந்தக் கலரு சட்டையிலதான் வந்தாரு. கடைசியாப் போட்டுட்டுப் போனதும் அதுதான். எங்கிட்ட இது வேணும் அது வேணும்னு ஒரு நாளு கேட்டதில்ல. அவருக்குப் பிடிச்சதுன்னு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதையாச்சும் குறையில்லாமச் செஞ்சு அனுப்புறேன்."

"அப்ப வாலிகண்டபுரத்துலேருந்து உன் தம்பி கொண்டாற கோடிச் சேலை?"

"அதுவும் பச்சைதான்."

இளையபெருமாள் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். கோபம் வந்தால் அவருக்கு ஒழுங்கு வந்துவிடும்.

மகள் புவனேஸ்வரி அம்மாவிடம் கேட்டாள். "ஏம்மா, ஒனக்கும் அந்தக் கலருன்னா அவ்வளவு ஆசையா?"

"எனக்கா? கண்ணுல மொளகாத்தூள் தூவுன மாதிரி இருக்கும் புள்ள. எனக்குப் பிடிச்சது கத்திரிப்பூ கலரு."

"இத்தனை வருசமா சொல்லவே இல்லியே!"

"தீவாளிக்குத் தீவாளி பச்சைச் சேலையா எடுத்துட்டு வந்து, மொகத்தையே பாத்துட்டு நிப்பாரு. என்னன்னு சொல்லச் சொல்ற?"

பெயிண்டர் மணிவேலை வரச் சொன்னாள். மணிவேல் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் எந்தக் கலரையும் 'கிட்டத்தட்ட' கலந்துவிடுவான். ஒரு பகல் முழுவதும் அடித்து முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தபோது, வீடு கரும்பச்சையாக நின்றது.

"காஞ்சா வெளுத்துரும்க்கா" என்றான்.

காய்ந்ததும் இன்னும் கறுத்தது.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் ஊதுபத்திக் கட்டும் சர்க்கரைப் பொட்டலமுமாக இறங்கி வந்தாள்.

"தர்கா தொறந்திருக்குங்களா?"

"இது எங்க வூடுங்க" என்றாள் புவனேஸ்வரி.

"பொல்லாத முட்டிவலிம்மா. இங்க யாரு அடங்கியிருக்காங்க?"

"எங்கப்பா தவறிட்டாங்க. அதுக்காகத்தான் வெள்ளை... பச்சை அடிக்கிறோம்."

அந்த அம்மாள் உள்ளே எட்டிப் போட்டோவைப் பார்த்தாள். "மொகத்தைப் பாத்தா நல்ல மனுசராத்தான் தெரியுது" என்று சொல்லி, ஊதுபத்தியை ஏற்றி வைத்து, முட்டியைத் தடவிக்கொண்டு வேண்டிவிட்டுப் போனாள். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேர் வந்தார்கள்.

"கலரைக் கொறைடா" என்றாள் மலர்க்கொடி.

மணிவேல் மஞ்சளைச் சேர்த்தான். மஞ்சள் தூக்கலாகிவிட்டது. அது தெரியாமல் இருக்க, யாரும் கேட்காமலே, கையில் மிச்சமிருந்த சிவப்பில் சுற்றிலும் ஒரு பட்டை இழுத்தான். தேர்தல் நேரம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வார்டு மெம்பர் பாலசுந்தரம் கொடிக் கம்பத்தோடு வாசலில் நின்றார்.

"அண்ணன் நம்ம கட்சின்னு தெரியாமப் போச்சேம்மா! தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கொடி போத்தியிருப்பமே!"

"அவரு எந்தக் கட்சியும் இல்லிங்க."

"அதான் செவுரே சொல்லுதே" என்று குழி தோண்ட இடம் பார்த்தார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எதிர்க்கட்சி ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாவன்னிக்குப் பெரிய மாலையா போட்டது நாங்க. அதைத் திருப்பிக் கேக்கல. ஆனா மனசு சங்கடமா இருக்கும்மா."

பட்டையை அழிக்கச் சொன்னாள். மணிவேல், இளையபெருமாள் அனுப்பியிருந்த சுண்ணாம்பைக் கரைத்து அதன் மேலேயே பூசினான். சிவப்பு ஒழுகியது. மஞ்சள் திட்டுத் திட்டாக நின்றது. பச்சை மட்டும் பாசி மாதிரி அங்கங்கே எட்டிப் பார்த்தது.

"இப்ப இதுக்குப் பேரு என்ன கலருடா?"

"எனக்கே சொல்லத் தெரியலக்கா."

இளையபெருமாள் ரோட்டில் நின்று பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. மறுநாள் விடிந்தால் சொந்தக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். பெரிதாக ஒன்றும் அவள் கேட்கவில்லை. அவர் ஆசைப்பட்ட கலரில் அவருக்கு ஒரு வீடு. அதுகூட முடியவில்லை.

ஆணியில் தொங்கிய சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதைப் பாத்தாச்சும் கல."

"தொவைச்ச துணியில அசல் கலரு நிக்காதுக்கா. கஞ்சி போகாத புதுத்துணியில ஒரு துண்டு கெடைச்சா, அச்சு அசலா கொண்டாந்துருவேன்."

அரியலூரில், லாரி ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் இருக்கும் டெய்லர் சாமிக்கண்ணுதான் உத்திராபதிக்கு எப்போதும் சட்டை தைத்தவர். அவரிடம் வெட்டு மிச்சம் இருக்கும். கிளிப்பச்சையில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி, பஸ் டிரைவரிடம் சேதி சொல்லிவிட்டாள்.

சாயங்கால பஸ்ஸில் சாமிக்கண்ணு வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. துக்கத்தன்று வெளியூரில் இருந்ததால் வர முடியவில்லை என்று சொல்லி, போட்டோவுக்கு முன்னால் நின்றார். அவரும் உற்றுத்தான் பார்த்தார்.

"துணி கொண்டாந்தீங்களா?" என்றாள் மலர்க்கொடி.

"துண்டுத் துணிதானே, கொண்டாந்துருக்கேன் அண்ணி. ஆனா மொதல்ல இதைக் குடுத்துடுறேன். இது அண்ணனோடது. எங்க கடையில கெடந்துச்சு. தொவைச்சுத் தேய்ச்சிருக்கேன்."

பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார். இரண்டு சட்டைகள். இரண்டும் வெள்ளை.

"இது அவரோடது இல்லிங்க. அவருக்குப் பச்சைன்னா உசுரு."

சாமிக்கண்ணு முதலில் மணிவேலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. உங்களைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குப் போட நல்ல சட்டை இல்லன்னு அண்ணன் எங்கிட்டதான் வந்தாரு. அரும்பாவூர் ஆளு ஒருத்தருக்குத் தைச்சு வச்ச சட்டை. அந்த ஆளு வாங்கவே வரல. அதைத்தான் மாட்டி அனுப்புனேன். திரும்பி வந்து, 'சாமிக்கண்ணு, பொண்ணும் கிளிப்பச்சைச் சேலைதான் கட்டியிருந்துச்சு. அதுக்கு அந்தக் கலருன்னா ரொம்ப ஆசை போலடா'ன்னாரு."

"அது எங்க அக்கா சேலை" என்றாள் மலர்க்கொடி. "என்னுதுல சாயம் போயிருந்துச்சுன்னு எரவல் வாங்கிக் கட்டுனது."

மணிவேல் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தான்.

"அப்ப தெனமும் போட்டுட்டுப் போனாரே?" என்றாள் புவனேஸ்வரி.

"பஸ்ஸை விட்டு எறங்குனா நேரா எங்க கடைதான் கண்ணு. பச்சையைக் கழட்டி மடிச்சு வச்சிட்டு, வெள்ளையை மாட்டிக்கிட்டுதான் ஆபீசுக்குப் போவாரு. சாயங்காலம் மறுபடி பச்சை. அரியலூருல அவரைக் கேட்டீங்கன்னா, வெள்ளைச் சட்டைக்காரருன்னுதான் சொல்லுவாங்க."

மலர்க்கொடி ஒரு வெள்ளைச் சட்டையைப் பிரித்தாள். காலர் உள்பக்கம் தேய்ந்திருந்தது. வருடக்கணக்காகப் போட்ட சட்டை. சிமெண்ட் தூசி துவைத்தும் முழுக்கப் போகாமல் தையலோரம் லேசாகத் தங்கியிருந்தது. இரண்டாவது பொத்தான் இருக்கிறதா என்று தன்னையறியாமல் தடவிப் பார்த்தாள். இருந்தது.

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டில், அதுவும் கருமாதிக்கு முதல் நாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புவனேஸ்வரி பயந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மணிவேலு" என்றாள் கடைசியில், "எங்க மாமா குடுத்த சுண்ணாம்பு மிச்சம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"வூடு பூரா அடி."

தெருவிளக்கு வெளிச்சத்திலேயே அடித்து, ஊர் அடங்குவதற்குள் வீடு வெளுத்தது. இளையபெருமாள் வந்து பார்த்துவிட்டு, தன் பேச்சுக்கு மரியாதை கிடைத்துவிட்டதென்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்தச் சந்தோசம் மறுநாள் வரைக்கும்தான் நின்றது. வாலிகண்டபுரத்திலிருந்து வந்த தட்டில் கோடிச் சேலை கத்திரிப்பூ கலரில் இருந்தது. ஆள் அனுப்பி மாற்றி எடுக்கச் சொன்னது மலர்க்கொடிதான்.

"இது யாருக்குப் பிடிச்ச கலரும்மா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்குங்க மாமா" என்றாள்.

பச்சைச் சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை. அந்த வெள்ளைப் பொத்தான் இன்னும் தகர டப்பாவில்தான் கிடக்கிறது. வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். வெயிலில் ரோட்டிலிருந்து பார்த்தால் கண் கூசும்.

போன வாரம் மலர்க்கொடி அரியலூர் போய்த் திரும்பியபோது, பஸ்ஸில் புதுக் கண்டக்டர், சின்ன வயசுப் பையன். அந்த வீடு பச்சையாக இருந்த காலத்தில் அவன் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டான். ஜன்னல் வழியாகச் சுண்ணாம்பு வீட்டை நேராகப் பார்த்துக்கொண்டே விசிலை ஊதிச் சொன்னான்:

"பச்சை வூடெல்லாம் எறங்கு!"