அப்பாவுக்குப் படைத்த டார்க் சாக்லேட்

காக்காயிடம் அவமானப்பட்டவர்கள் மதுரைப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்களோ தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். அதுவும் சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டு நிற்க, மொட்டை மாடியில், உச்சி வெயிலில்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். (அதுதான் என்னை விட்டது.) திருமங்கலத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் சாமான் அடுக்கும் வேலை. பிஸ்கட், சாக்லேட் வரிசை என் பொறுப்பு. இரண்டு வருடம் சாக்லேட் அடுக்கினால் யாருக்கும் டாக்டர் நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்றதும், அட்டையில் எழுத்துக்கூட்டிப் படித்ததையும் போனில் பார்த்த வீடியோவையும் குழைத்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். டார்க் சாக்லேட்! கோகோ நிறைய, சர்க்கரை கம்மி, அளவாகத் தின்றால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது.

டாக்டரம்மாவிடமே கேட்டேன். "சின்னத் துண்டு ஒண்ணு தாராளமா சாப்பிடலாம். ஆனா அது மருந்து இல்லம்மா" என்றார். 'தாராளமா' வரைக்கும்தான் என் காது வேலை செய்தது.

அப்பா மினிபஸ் டிரைவர். காராச்சேவிலேயே ஊறிய நாக்கு. முதல் துண்டை வாயில் போட்டதும், பிரேக் பிடிக்காத பஸ்ஸில் உட்கார்ந்தவர் போல முழித்தார்.

"என்னாத்தா இது, அடிப்பிடிச்சுப் போச்சா?"

"அது அப்படித்தான்ப்பா இருக்கும். நெஞ்சுக்கு நல்லது."

"நல்லதுக்கா இம்புட்டுக் கசப்பு?"

அன்றிலிருந்து மாத்திரையை அம்மா கொடுப்பாள், சாக்லேட்டை நான் கொடுப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு துண்டு. "நடந்துக்கிட்டே திங்கிறேன்த்தா" என்று தெருவுக்குப் போவார். திரும்பி வந்து, "சும்மா சொல்லக் கூடாது, நெஞ்சு லேசா இருக்கு" என்பார். நான் அப்படியே பூரித்துப்போய், மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்வேன்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் காலையில் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே அப்பா போய்விட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

பதினாறாம் நாள் படையல். பொங்கல், வடை, பாயசம் என்று மாடியில் இலை போட்டு வைத்தார்கள். நானும் ஓடிப்போய் ஒரு துண்டு டார்க் சாக்லேட் வைத்தேன். (செத்தவருக்கும் அளவுதான்.)

ஒரு காக்கா வந்து சுவரில் உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. தலையைச் சாய்த்துச் சாக்லேட்டைப் பார்த்தது. ரெண்டடி பின்னால் தத்தியது.

"கா... கா..." என்று கத்திக் கத்தி அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. காக்கா எடுக்காமல் யாருக்கும் சாப்பாடு கிடையாது. கீழே பந்தியில் இலை போட்டுக் காத்திருந்தார்கள்.

"எங்கண்ணனுக்கு என்னமோ மனக்குறை இருக்கு" என்று அத்தை அழ ஆரம்பித்தாள். "ஏண்டி செல்வி, அதென்ன கருப்பா?"

"அப்பாவுக்குப் பிடிச்சது அத்தை. தினம் தின்னாரு" என்று சொல்லும்போதே எனக்கும் அழுகை உடைந்துவிட்டது. அவரை நான் காப்பாற்றவில்லை, அந்தக் கோபத்தில்தான் தொட மாட்டேன் என்கிறார் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் மாமா முன்னால் வந்தார். அப்பாவின் கூட்டாளி. தேய்த்த வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார்.

"அழுகாதத்தா. உங்கப்பன் அதைத் தின்னதே இல்ல."

"என்ன மாமா சொல்றீங்க?"

"மொத நாளோட சரி. அப்புறம் தினம் எங்கிட்டத்தான் குடுப்பான். 'புள்ள ஆசையா வாங்கியாருது, தூக்கிப் போட மனசு வரல, நீ தின்னுய்யா'ம்பான்."

"நீங்க தின்னீங்களா?"

"எட்டு மாசம் தின்னேனே! எனக்கும் அது ஆகாது. சிநேகிதன் குடுத்ததை எப்படித் துப்புறது?"

"அடப்பாவி, அப்ப நெஞ்சுக்கு நல்லதெல்லாம் உனக்கா போச்சு?" என்றாள் அத்தை.

சாக்லேட்டை எடுத்துச் சுவர் மேல் வைத்தேன். அந்த இடத்தில் அம்மா ஒரு கை காராச்சேவு வைத்தாள். கையை எடுப்பதற்குள் காக்கா இறங்கிவிட்டது. காராச்சேவில் ஒரு வாய், வடையில் ஒரு வாய். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

போகிற போக்கில் அது சுவரிலிருந்த சாக்லேட்டையும் கொத்திக்கொண்டு பறந்தது. நாலு இறக்கை அடித்திருக்கும். பிடிக்கவில்லை போல, போட்டுவிட்டது. வெயிலில் பாதி உருகிய துண்டு 'சொத்'தென்று மாமாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

மாமா நெஞ்சைக் குனிந்து பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"யோவ், அங்க போயும் எனக்கேதானாய்யா?"

பதினாறு நாளில் அன்றைக்குத்தான் அம்மா சிரித்தாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கசாயத்தை நீட்டினால், "மொதல்ல காக்காகிட்டக் கேளு" என்கிறார்கள். நான் இன்னும் தினம் ரெண்டு துண்டு உடைக்கிறேன். ஒன்று எனக்கு. (எனக்கும் பிடிக்கவில்லைதான்.) இன்னொன்றை இஸ்திரிக் கடைக்குக் கொண்டுபோவேன். மாமா மென்று முழுங்கியதும், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.