வாள் தாத்தாவின் பதக்கமும் தேதி சாரும்

தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரைக்கும், தேதி சார் காலடி வைத்த எந்த வீடும் அதிர்ச்சி அடையாமல் தப்பியதில்லை. தப்பித்தோம் என்று சொல்பவர்கள், அவர் வந்த அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தவர்கள்.

தஞ்சாவூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எந்தக் காலத்தில் செய்தது என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பெயர். ஆனால் அவருடைய உயிர் இருந்தது ஒரே ஒரு வகைப் பொருளில்தான்: லாட்ஜ் சாமான்கள்.

லாட்ஜ் என்றதும் நீங்கள் நினைப்பது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் வக்கீல்கள், மிராசுதார்கள், வியாபாரிகள் எல்லாம் சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடும் ஒரு ரகசியச் சகோதர சங்கம் இருந்தது. இடுப்பில் வெள்ளைத் தோல் ஏப்ரன், கழுத்தில் பட்டு நாடாவில் வெள்ளிப் பதக்கம். அந்தச் சங்கத்தின் கிளைக்குப் பெயர்தான் லாட்ஜ். அந்தப் பெரியவர்கள் போய்விட்டார்கள். பதக்கங்கள் மட்டும் பேரப்பிள்ளைகளின் டிரங்குப் பெட்டிகளில், இன்னதென்று தெரியாமல் கிடக்கின்றன.

இந்த ஒரு சொல்லால் மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருவாரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "இந்தப் பக்கம் பழைய லாட்ஜ் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். தேர்த் திருவிழா சமயம். "பழசு எதுக்கு சார், புதுசே இருக்கு. ஏசியா, நான்-ஏசியா?" என்று ஒருவர் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்துவிட்டார். பை ரூமுக்குள் போனபிறகுதான் இவருக்கு விஷயம் புரிந்தது.

அதே ஊரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், காம்பஸும் தச்சரின் மூலைமட்டமும் பொறித்த ஒரு வெள்ளித் தகட்டைப் பூஜை அறையில் வைத்து தினம் பூப்போட்டு வந்தார். சோழர் காலத்துச் சிற்பியின் முத்திரை என்பது அவர் நம்பிக்கை. தேதி சார் அதைக் கையில் வாங்கி, நாக்கை நீட்டி, ஒரு நக்கு நக்கினார்.

கூடப் போயிருந்த நான் அப்படியே உறைந்துபோனேன். தலைமை ஆசிரியரின் மனைவி "ஐயையோ!" என்று கத்தியே விட்டார்.

"வெள்ளிதாங்க. பித்தளையா இருந்தா நாக்குல கரிக்கும்" என்றார் இவர் சாவகாசமாக. பிறகு தகட்டைத் திருப்பினார். "ஆனா சோழர் காலம் இல்லீங்க, லாட்ஜ் சாமான். பின்னாடி பாருங்க, சேஃப்டி பின்னு வச்சிருக்கான்."

எங்களுக்கு அந்த வீட்டில் காபி கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரை என் சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன் என்றால், எனக்கு என்ன ஆகியிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

சித்தப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் நிலம். விவசாயம்தான். ஆனால் வீட்டுக் கூடத்தில், அவருடைய தாத்தாவின் படத்துக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பதக்கம் தொங்கும். நீல நாடாவில் சின்னதாக ஒரு வெள்ளி வாள். வாலிப வயதில் தாத்தா ஒரு கொள்ளைக்காரனைத் தனியாக மடக்கிப் பிடித்தாராம். மறுவாரமே வெள்ளைக்கார கலெக்டர் நேரில் வந்து இதைக் கழுத்தில் போட்டாராம். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயரே வாள் தாத்தா.

நாகப்பட்டினத்திலிருந்து வரப்போகும் சம்பந்தியின் முன்னால் இதை ஒரு நிபுணர் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. "தம்பி, உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காராமே, கூட்டிட்டு வா" என்று போனில் உத்தரவு.

போகும் வழியெல்லாம் நான் கெஞ்சினேன். "சார், நாக்கு மட்டும் வேணாம்."

"சரிங்க, நாக்கு வேணாம்" என்று சத்தியம் செய்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, பதக்கத்தை வாங்கியவர் நாக்கை நீட்டவில்லை. நாடாவிலிருந்து ஒரு நூலை உருவி, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கில் காட்டினார். தலைமுடி கருகும் நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அசல் பட்டு. நைலானா இருந்தா உருகும்" என்றார் தேதி சார் மகிழ்ச்சியாக. பிறகு லென்ஸை வைத்துக்கொண்டு வாளின் பின்பக்க முத்திரைகளைப் பார்த்தார். "இந்த எழுத்துதாங்க செஞ்ச வருஷத்தைச் சொல்லும். படத்துல போட்டிருக்கிற பொறந்த வருஷத்தைப் பாத்தா, உங்க தாத்தா பேரன் பேத்தி எடுத்த பிற்பாடு செஞ்சது. அப்ப எங்க போயி கொள்ளைக்காரனைப் பிடிக்கிறது? இது வீரப் பதக்கம் இல்லீங்க. லாட்ஜ் பதக்கம்."

"லாட்ஜா?" என்றார் அத்தை. "எந்த ஊரு லாட்ஜு? லாட்ஜுல உங்க தாத்தாவுக்கு என்ன சோலி?"

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. நான் குறுக்கே விழுந்து, அது பெரிய மனிதர்களின் சங்கம் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அத்தை சற்றுத் தணிந்தார். அதோடு விட்டிருக்கலாம். சம்பந்தி வாயைத் திறந்தார்.

"அதுல இவரு தலைவரா இருந்தாருங்களா?"

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் தேதி சாரைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டேன்.

"தலைவருக்கு மூலைமட்டம்ங்க. பொருளாளருக்குச் சாவி. ஆளுக்கொரு சின்னம். இந்த வாள் இருக்கு பாருங்க, இது கூட்டம் நடக்கிறப்ப கதவுக்கு வெளிய நிக்கிறவருக்கு. வேத்தாள் யாரும் உள்ள வந்துடாம பாத்துக்கணும்."

பின்வரிசையில் யாரோ மெதுவாகக் கேட்டார்: "அப்ப வாட்ச்மேனா?"

ஒரு குடும்பத்தின் பெருமை முழுவதும், தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன்னால், நான் கூட்டிவந்த ஆளால் வாசலுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. சித்தப்பா எழுந்து நின்றார்.

"என்னங்க பேசுறீங்க? எங்க தாத்தாவைப் போயி காவலுக்கு நிறுத்துவாங்களா? யாரு வர்றா, யாரு போறான்னு காவலுக்கு நிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா? அவருக்குத்தான் காதே கேக்காதே!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் வாள் தாத்தாவின் காது பற்றி எங்கள் தலைமுறைக்கு யாரும் மூச்சு விட்டதில்லை.

தேதி சாரின் முகம் விளக்கைத் தூண்டியதுபோல் ஆகிவிட்டது. "கேக்காதா? சுத்தமாவா?"

"இடி விழுந்தாலும் கேக்காது" என்றார் சித்தப்பா பரிதாபமாக.

"அப்ப அவரைவிடப் பொருத்தமான ஆள் யாருங்க? உள்ள பேசுறது அத்தனையும் ரகசியம். கதவுக்கு வெளிய நிக்கிறவர் காதுல ஒண்ணும் விழாது. கண்ணு மட்டும் போதும். இது என் ஊகம்தாங்க, அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இங்க பாருங்க. இந்த நாடா ரெண்டு தடவை கிழிஞ்சு கையால தச்சிருக்கு. ரொம்ப காலம் போட்டிருக்காரு. வேற யாரையும் அந்த எடத்துல வைக்க அவங்களுக்கு மனசு வரல."

அத்தைக்கு மட்டும் வேறு கவலை. "அது சரி, பொண்ணுக்குக் காது கேக்கும்ல?"

உள் அறையிலிருந்து சித்தப்பா மகளின் குரல் வந்தது: "கேக்குது அத்தை! நீங்க பேசுறது எல்லாமே கேக்குது!"

முதலில் சிரித்தவர் சம்பந்திதான். அப்புறம் கூடமே சிரித்தது. அத்தையும் சிரித்தார். கடைசியாக, வேறு வழியில்லாமல், சித்தப்பா. தட்டு மாற்றியாயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் சித்தப்பாவே தேதி சாருக்கு இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறினார்.

திரும்பும் பஸ்ஸில், இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"சார், உங்க வீட்டுல பழைய பொருள் ஏதும் இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே வயலைக் காட்டினார். "எங்க அப்பா அம்மா பண்ணையில நடவு, அறுப்புன்னு போனவங்க. எந்தச் சாமானா இருந்தாலும் தேஞ்சு உடையிற வரைக்கும் பொழங்கிட்டோம். எடுத்து வைக்கிற மாதிரி ஒண்ணும் மிஞ்சலைங்க. எங்க தாத்தா முகம்கூட எனக்குத் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அதான், அடுத்தவங்க தாத்தாவையாச்சும் சரியா தெரிஞ்சுக்குவோமேன்னு."

அன்று அடைந்த அதிர்ச்சிகளில் எனக்கு இன்னும் தீராமல் இருப்பது அதுதான்.

இப்போது சித்தப்பா வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் போன் வரும். தேதி சார் வருகிறாரா என்றுதான் முதலில் கேட்பார். வருகிறார் என்று தெரிந்தபிறகு, ஒப்புக்கு, நான் வருகிறேனா என்றும் கேட்பார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவர் வந்தால்தான் நானும் போகிறேன்.