ஐந்து ரொட்டியும் சபைச் சமையலறையும்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி மகனுக்கு, உன் பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க நாங்கள் தினமும் ஜெபிக்கிறோம். உன் மாணவர்களுக்காக ஜெபிப்பதை மட்டும் நேற்றிலிருந்து நிறுத்தியிருக்கிறேன்.

காரணம் இதுதான். இறையியல் கல்லூரியில் நான்கு வருடம் நீ பாடம் சொல்லி அனுப்பினாயே, அந்தப் பிள்ளைதான் எங்கள் சபையின் புதுப் போதகர். நல்லவர், குரல் கணீரென்று இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம், இயேசு ஐந்து ரொட்டியும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த வேதப் பகுதியை எடுத்துக்கொண்டு, ரொட்டி பெருகவே இல்லை என்று பிரசங்கம் செய்துவிட்டார். கூட்டத்தில் ஆளாளுக்கு மடியில் சாப்பாட்டை மறைத்து வைத்திருந்தார்களாம். ஒருவர் தன்னுடையதை நீட்டியதும் மற்றவர்களும் வெட்கப்பட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தார்களாம். ஆக, பெருகியது ரொட்டி அல்ல, மனசாம். வாசலில் கைகுலுக்கும்போது மறித்துக் கேட்டேன். அந்தக் காலத்தில் அற்புதம் என்றால் இயற்கை விதியை மீறுவது என்று நினைத்தார்கள், பிறகு படித்தவர்கள் வந்து அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்றார்கள், இப்போதோ நடந்ததா இல்லையா என்று கேட்பதைவிட அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதுதான் சரி என்று நிதானமாக விளக்கினார். சாப்பாடு எங்கே என்று கேட்டவனிடம் பசிக்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்ட கதைதான். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன், எல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டது. ஆனாலும் முப்பத்தொரு வருடம் லிப்ட் பழுதுபார்த்திருக்கிறேன். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால், ஒன்பதாவது ஆளின் நல்ல மனதைப் பார்த்து லிப்ட் மேலே போகாது.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சபையின் சமையலறை பத்தொன்பது வருடமாக என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருநூறு பேருக்கு அங்கேதான் சாப்பாடு. நேற்று அடுப்பே பற்றவைக்கவில்லை. எல்லாரும் கைகழுவிவிட்டு மேசைக்கு வந்தபோது தட்டின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஐந்து ரொட்டி, பொரித்த மீன் இரண்டு. போதகரைப் பார்த்து, நீங்கள் சொன்னபடியே வைத்திருக்கிறேன், இனி இவர்கள் மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்றேன். பசியில் நாலு பேர் முறைத்தால்தான் அவருக்குப் புத்தி வரும் என்பது என் கணக்கு. நடந்தது என்ன தெரியுமா? சபைச் செயலாளர் கைப்பையைத் திறந்து அவித்த முட்டை பதினொன்றை வரிசையாக வைத்தார். பாடகர் குழுத் தலைவி பாட்டு நோட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு முழு கேக்கை எடுத்தார். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் 'நாளைக்கு' என்றே பெயர் வாங்கிய எலக்ட்ரீஷியன், ஆவி பறக்க ஒரு பானை சூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூப் பானையை ஒரு மனிதன் மடியில் மறைத்து வைத்திருந்தான் என்று யாராவது நம்புவார்களா? போதகர் நம்பினார். எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். மீதி, வேதத்தில் உள்ளபடியே பன்னிரண்டு கூடை என்றார் போதகர். நானும் எண்ணினேன், பதினொன்றரைதான்.

அதோடு விட்டாரா? எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாததை நீங்க அஞ்சு ரொட்டியில புரியவச்சிட்டீங்க."

"நான் பொய்னு காட்டத்தான் தம்பி செஞ்சேன்."

"அதுதான் ஐயா அற்புதமே."

இதற்குள் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. இனி அவரவர் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடலாம், சமையலறை எதற்கு, அதைச் சிறுவர் வகுப்பாக மாற்றிவிடலாம் என்கிறார். வியாழக்கிழமை குழு கூடி முடிவெடுக்கிறது. அதற்குள் ஒரு அம்மாள் திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துகொண்டும் போய்விட்டார். அந்த அடுப்பில் எந்த பர்னர் சீறும், எதை விரலால் தட்டினால் எரியும் என்று எனக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால், அடுப்பையே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என்னைத் தேடி யாராவது வருகிறார்கள் என்றால் அது அந்த வாசலுக்குத்தான் வருகிறார்கள். அதுவும் இல்லையென்றால் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே வியாழனுக்குள் உன் மாணவருக்கு நீ கண்டிப்பாக எழுத வேண்டும். அன்று பெருகியது ரொட்டிதான், மனசு அல்ல என்றும், நேற்று இங்கே நடந்தது அற்புதமே இல்லை என்றும் ஆசிரியர் என்ற முறையில் அழுத்தமாக எழுது. நான் சொல்லி எழுதியதாக மட்டும் இருக்க வேண்டாம்.

உன் வீட்டில் எண்ணெயும் மாவும் குறையாமல் இருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிடக் குறைவாகப் படித்து நிறைவாக விசுவாசிக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

பெரியப்பா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் பெரியம்மா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சனிக்கிழமை காலையே, இவர் நாளைக்குச் சபையில் ஒன்றும் சமைக்கப் போவதில்லை என்று பாடகர் குழுத் தலைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு ஒருத்திகிட்டதாங்க சொன்னேன். அது இருநூறு பேருக்குப் பெருகினா நான் என்ன பண்ணுவேன்?" என்கிறாள். ஆக, யாரும் மறைத்தும் வைக்கவில்லை, யாருக்கும் வெட்கமும் வரவில்லை. ஆனால் இதைக் குழுவில் சொன்னால் சபையைப் பட்டினி போடப் பார்த்தவன் என்று என்னை நீக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் மனசு பெருகிவிட்டது என்று சமையலறையை எடுத்துவிடுவார்கள். எனவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. நேற்று நடந்தது இயற்கை விதியை மீறிய முழு அற்புதம் என்றும், அப்படிப்பட்டது ஒரே ஒரு முறைதான் நடக்கும், ஆகவே அடுத்த மாதம் சமைத்தே தீர வேண்டும் என்றும் எழுது. வேதத்தில் நாலாயிரம் பேருக்கு இரண்டாம் முறையும் நடந்திருக்கிறதே என்று உன் மாணவர் கேட்பார். அது ஒரே சம்பவத்தை இரண்டு தடவை எழுதிவைத்தது என்று நீங்கள்தானே கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும், வியாழக்கிழமை வரைக்கும், நான் உங்கள் கட்சி.