லக்ஷனின் கழுத்து

சோற்றுக் கோப்பைக்குள் குனிந்த தலையை லக்ஷனால் திரும்ப நிமிர்த்த முடியவில்லை.

"அம்மா, கழுத்துப் பிடிச்சிட்டுது."

"பிடிக்காமல் என்ன செய்யும்? விடிஞ்சாப் பொழுதுபட்டாப் போனுக்குள்ளதானே தலை!"

பிரேமிளா தைலப் போத்தலோடு ஓடி வந்தாள். அவள் தையல் வேலைக்குப் போகும் கார்மென்ற் பஸ் வீதியில் நின்று ஹோன் அடித்தது. அந்த அவசரத்தில் அவள் உருவிய உருவலில், அதுவரை குனிந்து மட்டும் இருந்த தலை இடப்பக்கமும் சரிந்துகொண்டது.

"இப்ப எப்பிடி?"

"இப்ப உங்களையும் பாக்கேலாமல் கிடக்கு."

லக்ஷன் ஏ.எல். படிக்கிறான். போன வருடம்வரை உருத்திரபுரம் வாய்க்காலில் குட்டிக்கரணம் போட்டவன். இப்போது தோள் இரண்டும் முன்னுக்கு வளைந்து, கண் சிவந்து, பெருவிரல் விறைத்துப் போயிருக்கிறான். கேட்டால், "ரியூசன் பாடமெல்லாம் போனிலதான் அனுப்பினம்" என்பான். பாதி உண்மை. பாடம் இல்லாத நேரத்திலும் அவன் விரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான்.

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் பிரேமிளா தன் போனை எடுத்து, கட்டாரில் இருக்கும் புருசன் கிருபனுக்கு முறைப்பாடு எழுதினாள்: "உங்கட மகன்ரை கழுத்து கொக்குக் கழுத்தாப் போச்சு. போனைப் பறிக்கட்டோ?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்திருந்தது. "பாவம், படிக்கிற பிள்ளை. பறிக்காதை. ஏசவும் வேண்டாம். நீ சாப்பிட்டியோ பிரேமி?"

பிரேமிளாவுக்கு முகம் மலர்ந்தது. வீட்டில் இருந்த காலத்தில் கிருபனின் வாயில் 'தேத்தண்ணி', 'சாரம் எங்கை' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பாலைவனம் அந்த மனுசனைக் கனிய வைத்துவிட்டது. வேலை மாறி, காம்ப் மாறி, நம்பரும் மாறிய பிறகு இன்னும் கனிந்துவிட்டான். புது நம்பரை லக்ஷன்தான் அவளுடைய போனில் படத்தோடு பதிந்து கொடுத்தான். புது இடத்தில் கதைக்க விடுகிறார்களில்லையாம், எழுத மட்டும்தானாம். ஆனால் என்ன எழுத்து! "மெசினில கை கவனம்." "நாரி முதுகு நோகுதெண்டால் கொஞ்சம் படு." கொம்பனி சம்பளத்தை இழுத்தடிக்கிறது என்று எழுதியதைக்கூட அவள் கோபமில்லாமல் வாசித்தாள்.

பக்கத்து வீட்டு வடிவம்மா வேறு வைத்தியம் சொன்னாள்.

"குனியிறதாலதானே பிள்ளை வருத்தம்? போனை வளையில கட்டித் தூக்கிவிடு. தலை தானா நிமிரும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நைலோன் கயிற்றில் போனைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டாள். லக்ஷன் அதன் கீழே மல்லாந்து படுத்து, கையை உயர்த்தி எழுதினான். முடிச்சு நழுவியது. போன் நேரே மூக்கில் விழுந்தது.

வீங்கிய மூக்கோடும் சரிந்த தலையோடும் பள்ளிக்கூடம் போனவனைப் பார்த்த அதிபர், பிரேமிளாவுக்கு ஆள் அனுப்பினார்.

"பிள்ளைக்கு ஆர் அடிச்சது?"

"போன் அடிச்சது சேர்."

"போன் அடிச்சால் எடுத்துக் கதைக்கிறதுதானே? மூக்கு ஏன் வீங்குது?"

அவள் விளங்கப்படுத்தி முடிக்கையில் அரைநாள் லீவு போய்விட்டது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் மிஸ், அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டா.

"தலை நிமிர்ந்திருந்தால் பாரம் தெரியாது தம்பி. குனியக் குனிய, அரை மூட்டை நெல்லைக் கழுத்தில வைச்ச மாதிரி. இப்பிடியே விட்டால் கை விறைப்பும் மாறாது. ரெண்டு கிழமைக்குப் போனைத் தொடப்படாது."

கழுத்துக்கு ஒரு பட்டியும் மாட்டிவிட்டா.

வீட்டுக்கு வந்ததும் பிரேமிளா போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் லக்ஷன் கெஞ்சினான்.

"அம்மா, பின்னேரத்தில கொஞ்ச நேரம் மட்டும் தாங்கோ."

"ஆருக்கு எழுத? பெட்டை ஆரும் பிடிச்சிருக்கிறியோ?"

"இல்லை. ஒராளுக்குப் பதில் போடோணும்."

"அந்த ஒராள் ரெண்டு கிழமை பொறுக்கட்டும்."

அவன் கழுத்து மெல்ல மெல்ல நேராகியது. விரலில் உணர்வு திரும்பியது. ஆனால் கிருபனிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை.

முதலில் வேலைக் கஷ்டம் என்று நினைத்தாள். பிறகு, "கோவமோ?" என்று எழுதினாள். பிறகு, "பறிக்காதை எண்டு சொன்னனீங்கள், பறிச்சிட்டன். அதுக்கோ கோவம்?" என்று எழுதினாள். பிறகு, "உயிரோட இருக்கிறன் எண்டு ஒரு சொல்லு போடுங்கோ" என்று எழுதினாள். கார்மென்றில் யோசனையோடு தைத்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அது கோணலாக உடைந்ததில் இன்னும் கலங்கிப்போனாள். வடிவம்மா ஆறுதல் சொல்ல வந்து, வெளிநாட்டில் ஆட்கள் எப்படியெல்லாம் செத்துப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் குசினியில் சோறு அடிப்பிடித்து மணத்தது. பிரேமிளா அதை இறக்காமல் நிலத்தில் குந்தியிருந்து, கையிலிருந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்தும் இப்போது மடிக்குள் குனிந்துபோயிருந்தது.

லக்ஷன் வந்து அடுப்பை நூர்த்தான்.

"அம்மா, என்ரை போனை ஒருக்கா எடுத்துத் தாறீங்களோ?"

அவள் வெடித்தாள். "கொப்பருக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமல் நான் துடிக்கிறன். உனக்கு இப்பவும் போனோடா கேக்குது? கொஞ்சமாவது அந்த மனுசனை நினைச்சியோ?"

லக்ஷன் ஓரடி பின்னுக்கு நகர்ந்தான். தலையைக் குனிந்துகொள்ளப் பார்த்தான். பட்டி விடவில்லை. நிமிர்ந்தபடியே நின்றான்; கண்ணீர் நாடியில் இறங்கிப் பட்டிக்குள் ஊறியது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னவள் யதுர்ஷிகா, விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து தாயின் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழாதேங்கோ அம்மா. அண்ணாட்டப் போனைக் குடுங்கோ, அப்பா எழுதுவார்."