முக்காவாசி அக்காவும் என் மெஷினும்

காஞ்சிபுரத்தில் எதையும் முழுசாக ஒப்புக்கொள்ளாமலே ஒரு மனுஷி குடும்பம் நடத்திவிட முடியும் என்று காட்டியவர் முக்காவாசி அக்கா. சாயப்பட்டறையில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. சாப்பிட்டாச்சா என்றால் "முக்காவாசி". காய்ச்சல் விட்டதா என்றாலும் "முக்காவாசி". கணக்கெடுக்க வந்தவர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"முக்காவாசி சார். அவரு துபாய்ல இருக்கறாரு."

வந்தவர் பேனாவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயத் தொட்டியின் தீயைக் கூட்டிக் குறைப்பதுதான் அக்காவின் வேலை. அதைத் தானே செய்யும் மெஷினை மாட்டத்தான் நான் அங்கே போனேன். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் செய்த முதல் மெஷின். அதற்கு இரண்டே விதி. தண்ணீர் சூடு மிஞ்சினால் தீயைக் குறை. நூலில் சாயம் ஏறாவிட்டால் கூட்டு. இரண்டும் ஒன்றாக வந்தால் எது பெரிதோ அதை மட்டும் கேள். மெஷின் அப்படியே கேட்டது. தீ குப்பென்று எரிந்தது, பொசுக்கென்று அணைந்தது, மறுபடியும் குப்பென்று எரிந்தது. இரண்டு தொட்டி அரக்கு நிற நூல் திட்டுத்திட்டாக வந்தது.

"மூணாவதும் போச்சுன்னா மெஷின கழட்டிக்கினு கெளம்புங்க. சரியா வந்துட்டா அக்கா நூல் காயப்போடற வேலைக்குப் போவட்டும்" என்றார் முதலாளி.

அக்கா கை வைத்தால் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ரெண்டு பேரு பேசிக்கினு இருந்தா ஒருத்தர் வாயப் பொத்திடுவியா சார்? ரெண்டு பேரும் சொல்றதுல கொஞ்சம் கொஞ்சம் நெசம் இருக்குதுபா."

நூல் தோய்க்கும் கோலை எடுத்தார். "இந்த முனை தீய அணைக்கறது. அந்த முனை முழுத் தீ. சூடு கொஞ்சம் ஜாஸ்தி, இங்க ஒரு கத்தை. சாயம் ஏர்றது ரொம்ப மந்தம், அங்க மூணு கத்தை."

ஈர நூலைத் தொங்கவிட்டு, கோலை ஒற்றை விரலில் வைத்து நகர்த்தினார். ஓரிடத்தில் ஆடாமல் நின்றது. "இங்க நிக்குதா, தீ அவ்ளோதான்."

தீயை அணைக்கிற முனையிலிருந்து அளந்து பார்த்தேன். முக்கால்வாசி!

சூடு மாறினால்? "கத்தையும் மாறும்பா."

எந்த விதி எவ்வளவு நிஜமோ அதற்கு அவ்வளவு எடை, எல்லாம் சேர்ந்து எங்கே சமமாகிறதோ அங்கே தீ. இதையே மெஷினுக்குச் சொன்னேன். மூன்றாவது தொட்டி ஒரே சீரான அரக்காக வந்தது. அப்படி வந்தால் தன் தொட்டி வேலை போகும் என்று தெரிந்துதான் அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார்.

முதலாளி நூலை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே தொட்டிக்கு அக்கா வேணாம்ல?" என்றார்.

"ஐயோ, எத்தனை கத்தைன்னு தினமும் அக்கா பார்த்துச் சொல்லணும் சார். இல்லேன்னா மெஷின் ஓடாது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெஷின் தானாகவே ஓடும். அவர் அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.