காயில்காரர் வளர்த்த குன்னூர்க் கொடி

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே சொன்ன சொல் மாறாத ஒரே மனிதர் எங்கள் காயில்காரர்தான். அவரோடு குடித்தனம் நடத்துவதற்கு ஒரு மைல்கல்லோடு நடத்தலாம் என்று அவர் மனைவியே சொல்வார்.

எங்கள் பக்கத்து வீடு. துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தருகிறேன் என்றால் பத்து மணிதான். ஒருமுறை மோட்டார்க்காரர் வந்து வாங்கவில்லை என்று, அவர் போயிருந்த கல்யாண மண்டபத்துக்கே தூக்கிப்போய்ப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். ஒரு பேக்கரிக்காரரிடம், "இனி உங்க கடைக்குள்ள கால் வெக்கமாட்டனுங்க" என்று கோபத்தில் சொல்லிப்போட்டு, ஆறு வருஷம் அதே கடை டீயை வெளியே வெயிலில் நின்று குடித்தார்.

அந்த வாய்தான் அவருக்கு வினையானது. குன்னூரில் டீச்சராக இருந்த மகள் மரகதம், லீவுக்கு வரும்போது ஒரு கொடியைக் கொண்டுவந்து வாசலில் நட்டாள். விஸ்டீரியாவாம். ஊதாப் பூ சரம் சரமாகத் தொங்குமாம். நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, "குளுரு ஊருச் செடிங்க. இங்க தழைக்கும், பூக்காதுங்க" என்றார். அந்த வாரமே மரகதம், கூட வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள்.

"அந்தக் கொடி பூக்கற அன்னைக்கு இந்த ஊட்டுக்கு வா" என்றார் காயில்காரர். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

சொன்னதை மாற்ற முடியாது. ஆகவே கொடியை மாற்றக் கிளம்பினார். தண்ணீர்க் குழாய்களை வெல்டிங் வைத்துப் பந்தல் போட்டார். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பாளம் பாளமாக மொபெட்டில் கொண்டுவந்து வேரைச் சுற்றி வைத்தார். ஈரச் சாக்கு கட்டி, அதற்குப் பின்னால் பழைய ஃபேன் ஒன்றுக்குக் காயில் கட்டி ஓடவிட்டார். மே மாதத்தில் நாங்கள் விசிறியால் வீசிக்கொண்டிருக்க, அந்தக் கொடி குன்னூரில் இருந்தது.

போதாததற்குத் தீனி. ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, ஆட்டுப் புழுக்கை, மீன் கழுவிய தண்ணீர் என்று புது மாப்பிள்ளைக்குப் போல நடந்தது. "இத்தனை போட்டா எலதானுங்க வரும். கொஞ்சம் காயப் போடுங்க" என்றார் நர்சரிக்காரர்.

"ஊட்டுக்கு வந்ததப் பட்டினி போடச் சொல்றீங்களா?" என்று அவரை அனுப்பிவிட்டார்.

கொடி பந்தலைத் தாண்டி எங்கள் மொட்டைமாடிக்கு வந்தது. மொட்டு மட்டும் வரவில்லை. கடை அடைத்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்ப்பார். குன்னூர் பஸ் போனால் கையில் இருக்கும் செம்புக் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"ஏனுங்ண்ணா, பேசாம ஒரு காயிதம் போடுங்களே" என்றேன் ஒருநாள்.

"சொல்லிப்போட்டனே அம்மணி" என்றார்.

நாலு வருஷம் போனது. அந்தத் தெருவில் போன் எங்கள் வீட்டில் மட்டும்தான். ஒருநாள் மரகதத்துக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. அவர் மனைவி வந்து பேசினார். இவர் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூணு மாசம் கழித்து ஒரு காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "ஒரு போன் பண்ணோணும் அம்மணி."

நம்பரை நான்தான் சுழற்றிக் கொடுத்தேன்.

"கண்ணு, அப்பன் பேசறேன். கொடி பூத்துப்போடுச்சு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. கொழந்தைக்குக் காத்து அடிக்காமப் பாத்துக்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு மொட்டுகூட இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மரகதம் புருஷனோடு வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தையோடு பந்தலுக்கடியில் நின்று, வெறும் பச்சையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். காயில்காரர் கேட்டின் கொண்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பூத்திருக்குதுங்கப்பா" என்றாள்.

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

துடியலூர்ப் பக்கத்து ஆட்கள் எங்காவது பார்த்தால், காயில்காரர் கொடி கடைசிவரை பூக்கவே இல்லையாமே என்று என்னிடம் கேட்பார்கள். பூத்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.